உத்தியோகமும் ஓய்வும்

பிழைப்பின் பொருட்டுச் சொந்த மண்ணைவிட்டு வந்து வாழும் குடும்பங்களுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. பொருட்குறையினும் பெரியது அது. நேரக்குறை என்பதே அதன் பெயர். காலையில் ஓட்டம், மாலையில் களைப்பு, விடுமுறை நாளில் உறக்கம் என்று வாரங்கள் கழிகின்றன. ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதான் நன்றாகக் காண்கின்றனர். இந்நிலையில் எங்களைப் போன்ற ஓர் எளிய குடும்பம் கடந்த ஓராண்டில் தன் பொழுதை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டது, உத்தியோகம் பற்றி என்ன முடிவு செய்தது, வருங்காலத்துக்கு எவற்றை எண்ணியிருக்கிறது என்பவற்றைச் சங்க அன்பர்கள்முன் வைக்க விரும்புகிறோம். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு அறிவுரை கூறும் தகுதி இல்லை. ஆயினும், பட்டறிவைப் பகிர்ந்துகொள்ளத் தகுதி வேண்டியதில்லை அன்றோ?

கோரமண்டல் என்றதும் கடற்கரையை நினைப்பவர் பலர். எங்கள் கோரமண்டலில் கடலும் இல்லை, அலையும் இல்லை. பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து மாரிகுப்பத்தில் முடியும் சிறிய கிளைப் பாதையில், கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஒரு நிலையம் இது. 1894-இல் சுரங்கங்களுக்காகவே இப்பாதை அமைக்கப்பெற்றது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குத் தொழிலைத் தொடங்கிய காலந்தொட்டு, வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எம் பாட்டனாரும் அவ்வாறே வந்து, மூங்கில் தட்டி வீட்டில் குடித்தனம் தொடங்கினார். 1902-இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து இவ்வூருக்கு மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சுரங்கம் இறங்கியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அத்தனையும் நின்றுபோயிற்று. அப்பொழுது நாங்கள் பள்ளிச் சிறுவர்கள்.

சுரங்கம் மூடியபின் ஊரின் சங்கு ஓய்ந்தது. ரயிலின் ஊதல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். முன்பு பூமிக்குள் இறங்கிய ஊர், இப்பொழுது தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது. எம் துணைவியாரும் அவர்களுள் ஒருவர். ஒயிட்பீல்டு பக்கத்து அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. விடியுமுன் புறப்பட்டால் வீடு திரும்ப இரவாகிவிடும். பயணத்துக்கு மட்டும் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழிகிறது. எமக்கோ கிளைப்பாதைக்கு அண்மையிலுள்ள நிலையத்தில் பயணச்சீட்டு அலுவல். பகல் ஒரு வாரம், இரவு ஒரு வாரம். தந்தையார் இருபத்தாறு ஆண்டுகள் சுரங்கத்தின் அடியில் உழைத்தவர். இப்பொழுது எழுபத்திரண்டு வயது, நடை தளர்ந்துவிட்டது. தாயார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆக, நால்வர் கொண்ட எங்கள் வீட்டில் நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன என்றே கூறலாம்.

இத்தகைய வீட்டில் பொழுதுபோக்குக்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். ஓராண்டுக்கு முன்னர் நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற பொங்கலன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொருவரும் வருவாய் கருதாமல், தமக்குப் பிடித்த ஒன்றை வாரத்தில் சில மணி நேரமேனும் செய்தல் வேண்டும்; ஏனையோர் அதற்குத் துணைநிற்றல் வேண்டும். இவ்வளவே ஏற்பாடு.

மகள் பந்தாட்டத்தைத் தேர்ந்துகொண்டாள். தங்கவயலுக்குக் கால்பந்தும் ஹாக்கியும் புதியன அல்ல. சுரங்கக் காலத்திலிருந்தே ஒவ்வொரு பகுதியிலும் மைதானமும் குழுவும் இருந்தன. வாரத்தில் மூன்று நாள் காலையில் அவளை மைதானத்துக்கு அழைத்துச் செல்வது எம் பொறுப்பு. இரவுப் பணி முடித்த கண்கள் எரியும்; எனினும், பந்தின்பின் ஓடும் குழந்தைகளைக் கண்டால் எரிச்சல் தணிந்துவிடும். காற்று மாதங்களில் மட்டும் சயனைடு மேடுகளிலிருந்து புழுதி கிளம்புமாதலால், அந்நாள்களில் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறோம்.

துணைவியார் படிப்பைத் தேர்ந்துகொண்டார். மணமான பின்னர் விட்டுப்போன பட்டப்படிப்பை மைசூரிலுள்ள திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தொடர்கிறார். அவருடைய படிப்பறை ரயில்பெட்டிதான். ஒருபுறம் சீட்டாட்டம், மறுபுறம் பூத்தொடுத்தல், எதிர்ப்பலகையில் காய்கறி நறுக்குதல்; இவற்றுக்கு நடுவே அவர் வணிகவியல் படிக்கிறார். உடன் பயணஞ்செய்யும் பெண்கள் தேர்வுக் காலத்தில் சன்னலோர இருக்கையை அவருக்கென்று விட்டுக்கொடுக்கின்றனராம்.

தந்தையாரும் யாமும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒரு சொல்லேடு. சுரங்கத்தில் வழங்கிய சொற்களையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறோம். ஆட்களை இறக்கி ஏற்றும் 'கேஜ்', பாறைச் சுமையேற்றும் 'ஸ்கிப்', ஆழத்து நிலைகளைக் குறிக்கும் 'லெவல்' என்று முந்நூறுக்கு மேற்பட்ட சொற்கள் இதுவரை சேர்ந்துள்ளன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்தவை. ஆனால் நம்மவர் நாவில் நூறாண்டு புழங்கித் தமிழுருவம் பெற்றவை. 'ராக்பர்ஸ்ட்' என்ற சொல்லுக்கு நாங்கள் 'பாறை வெடிப்பு' என்று எழுதினோம். அது போதாது என்றார் தந்தையார். ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாங்காமல் தானே சிதறும்பொழுது, மேலே வீடுகளில் பாத்திரங்கள் அடுக்கிலிருந்து உருளுமாம். பெண்கள் வாயிலுக்கு ஓடிவந்து சுரங்க வாய் இருக்கும் திசையை நோக்கி நிற்பராம். அதையும் சேர்த்து எழுதச் சொன்னார், எழுதினோம். அகராதி ஒன்று உயிர் பெறுவது இவ்வாறுதான் போலும்.

இனி, உத்தியோகத்தைப் பற்றி. சென்ற ஆண்டின் நடுவில் எமக்குப் பதவி உயர்வு ஆணை வந்தது. சம்பளம் கூடும்; ஆனால் பெங்களூருக்கு அப்பாலுள்ள நிலையம் ஒன்றுக்குச் செல்லல் வேண்டும். மறுத்தால் ஓராண்டுக்கு வேறு உயர்வு கிடையாது என்பது ரயில்வே விதி. அதற்குள் இளையவர் பலர் முந்திச் சென்றுவிடுவர். அதுவன்றி, முன்பதிவில்லாச் சீட்டையும் சீசன் சீட்டையும் மக்கள் கைப்பேசியிலேயே வாங்கும் காலம் இது. சீட்டுக் கொடுக்கும் சாளரத்தின்முன் வரிசை குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே, கிடைத்த உயர்வைப் பற்றிக்கொள் என்று உறவினர் அனைவரும் கூறினர்.

மூன்று வழிகள் எங்கள்முன் இருந்தன. குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிபெயர்தல் ஒன்று. வாடகையையும் முன்பணத்தையும் கணக்கிட்டபொழுது, கூடும் சம்பளம் வீட்டுக்காரர் கைக்கே போய்விடும் என்பது தெரிந்தது. மேலும், தந்தையார் தம் நண்பர்கள் கூடும் தெருமுனையைவிட்டு மாடிக் குடியிருப்பின் நான்கு சுவர்களுக்குள் அடங்கி வாழ்தல் இயலாது. யாம் மட்டும் சென்று, துணைவியார் வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளுதல் இரண்டாவது வழி. எங்கள் உறவினர் பெரும்பாலோர் இதனையே இயல்பெனக் கருதினர். மூன்றாவது, உயர்வை மறுத்துவிடுதல்.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. துணைவியார் வேலையை விட ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆனால் அன்றிரவு அவர் பாடநூல்களை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்ததைத் தந்தையார் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் எம்மை அழைத்து, "மருமக வேலைய விட வேணாம்ப்பா. படிக்கிற புள்ள. நீ இங்கயே இரு. உன் சம்பளம் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். சுரங்கம் மூடிய நாளில் ஒரே வருவாயை நம்பியிருந்த வீடுகள் பட்ட பாட்டைக் கண்டவர் அவர். ஒரு வீட்டுக்கு இரண்டு கால்கள் வேண்டும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

உயர்வை மறுத்து எழுதிக் கொடுத்தோம். மனைவிக்காகப் பதவியை விட்டவர் என்று சிலர் நகைத்தனர். நகைப்பு ஒரு திங்களில் அடங்கிற்று. இழந்த தொகையோ ஒவ்வொரு திங்களும் நினைவுக்கு வருகிறது. அதை மறைப்பதற்கில்லை. புதிய மிதிவண்டிக்கு மகள் இன்னும் காத்திருக்கிறாள். கூரைச் செப்பமும் தள்ளிப்போயிற்று. எனினும், தந்தையார்க்கு மருந்து கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறது. மாலையில் மகள் பள்ளியிலிருந்து திரும்பும்பொழுது பூட்டிய கதவு அவளை வரவேற்பதில்லை. துணைவியாரின் பெட்டிக்குள் போன நூல்கள் மீண்டும் அவர் பைக்குள் வந்துவிட்டன. இவற்றுக்கு விலை எவ்வளவு என்று கணக்கு எழுத்தராகிய அவராலும் சொல்ல முடியவில்லை.

வருங்காலத்துக்கு எண்ணியிருப்பவை சில. இன்னும் ஈராண்டில் துணைவியார் பட்டம் பெறுவார். அதன்பின் ஊருக்கு அண்மையில் வேலை தேடுவதாக எண்ணம். மறு உயர்வு வரும்பொழுது, அப்போதைய நிலையைப் பார்த்து முடிவு செய்வோம். அதுவரை கணிப்பொறி அலுவலையும் கன்னட எழுத்தையும் இன்னும் திருந்தக் கற்பது எம் கடமை. வாழும் நாட்டின் மொழியை வாசிக்கத் தெரியாமல் வாழ்தல் விருந்தினனாகவே இருத்தலை ஒக்கும். மகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறாள். தமிழுக்கு வீடுதான் பள்ளி. சொல்லேட்டின் சொற்களை அவளைக்கொண்டே படியெடுக்கச் செய்கிறோம்; இதனால் அவளுக்கு எழுத்துப் பயிற்சியும் பாட்டனார் வரலாறும் ஒருங்கே வாய்க்கின்றன. அடுத்த கோடை விடுமுறையில் நால்வரும் குடியாத்தம் பக்கத்து அச்சிற்றூருக்குச் சென்று வருவதென்றும் முடிவு செய்துள்ளோம். அங்கு எங்களை அறிந்தவர் எவரும் இலர். ஆயினும், புறப்பட்ட இடத்தை மகள் ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம்.

எல்லா வீட்டுக்கும் எங்கள் முடிவு பொருந்தும் என்று கூறோம். உயர்வை ஏற்று ஊர் மாறுவதே நன்மையாகும் குடும்பங்களும் உண்டு. எதனை முடிவு செய்தாலும், அம்முடிவின் சுமை யார் தோளில் விழும் என்று கேட்டு, அவரையும் உடன்வைத்துக்கொண்டு முடிவு செய்தல் நன்று. பெரும்பாலும் அத்தோள் பெண்ணினுடையதாகவோ முதியவருடையதாகவோ இருக்கக் காண்கிறோம். அவர்கள் கேளாமலே சுமந்துவிடுவதால் நாமும் கேட்பதை மறந்துவிடுகிறோம்.

இறுதியாக, அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கவயலில் வாழ்ந்து இன்று வெவ்வேறு ஊர்களில் இருப்போர் உங்களுள் பலர் இருக்கக்கூடும். உங்கள் வீட்டு முதியோர் நாவில் சுரங்கச் சொல் ஒன்றேனும் எஞ்சியிருப்பின், அதனைக் கேட்டு எழுதிச் சங்கத்துக்கு அனுப்பி உதவுங்கள். எங்கள் ஏட்டில் இன்னும் நூறு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.