பக்கெட்டை உதைத்தவன்

கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு இங்கிலீஷ் தானாக வரும் என்பது எங்கள் ஊர்க் கர்வம். 1880-இல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி வந்த பிறகு ஊருக்கே 'குட்டி இங்கிலாந்து' என்று பேர் விழுந்தது. பங்களாவும் கிளப்பும் துரைமாருக்கு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த எங்களுக்கு மிஞ்சியது கர்வம்தான். என்னிடம் அது கொஞ்சம் கூடுதல். ஒரு நோட்டு நிறைய இங்கிலீஷ் மரபுத்தொடர்களை எழுதி வைத்து மனப்பாடம் செய்தவன் நான்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். இரண்டு வருடம் கழித்து அடுத்த லைன் மாமா இறந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி இறங்கி, நெஞ்செல்லாம் கல்தூசி படிந்த உடம்பு. பேங்கில் அவர் பேரில் கிடந்த பணத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள ஒரு கடிதம் வேண்டுமென்று அத்தை என்னிடம் வந்தார்.

இறந்தார் என்பதற்கு 'டைட்' (died) என்று எழுதியிருந்தால் போதும். அது சின்னப் பையன் இங்கிலீஷ் மாதிரி பட்டது எனக்கு. 'மை ஹஸ்பண்ட் கிக்ட் த பக்கெட்' என்று எழுதினேன். இலக்கணம் சுத்தம். 'எ பக்கெட்' என்றால் நிஜ வாளியை உதைத்ததாகிவிடும், 'த'தான் போடவேண்டும் என்கிற நுணுக்கம்கூடத் தெரியும். ஆனால் அது 'மண்டையைப் போட்டார்' என்கிற ரகம். 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் அதைச் சேர்த்ததே கொச்சைமொழி அகராதியில்தான். என் நோட்டில் அதற்கு நேராக 'இறந்துபோதல்' என்று மட்டும் இருந்தது. தமிழில் இழவு வீட்டில் எதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு எந்த நோட்டும் சொல்லித்தரவில்லை. இங்கிலீஷிலும் இழவு வீடு உண்டென்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பேங்க் அதிகாரி படித்தார். சிரித்தார். பக்கத்து மேசைக்குக் காட்டினார், அங்கேயும் சிரிப்பு. "யார் எழுதினது?" என்று தமிழில் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை வாய் திறக்குமுன் முந்திக்கொண்டேன்.

"டைப்பிங் கடைல எழுதினது சார்."

'எக்ஸ்பயர்ட்' என்று மாற்றி எழுதச் சொன்னார். கடைக்காரன் தப்பைத் திருத்துகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

வெளியே அத்தை டீயும் பன்னும் வாங்கித் தந்தார். "உன் எழுத்தப் பாத்து ஆபீசரே சந்தோஷப்பட்டு சிரிச்சிட்டாரு. அதப் போயி கடைக்காரன் எழுதினதுன்னு சொல்றியே கண்ணு, ஏன்?"

வாயில் பன் இருந்தது. அதைச் சாக்காக வைத்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.