மாற்றல் வரட்டும் என்றேன்

என் மகளின் பல்லைச் சரிசெய்ய வேண்டிய வயதில் நான் செய்யவில்லை. கையில் பணம் இருந்தது. நல்ல டாக்டர் நாங்கள் குடியிருந்த தஞ்சாவூரிலேயே இருந்தார். மனைவி விடாமல் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாள். 'மாற்றல் வந்துவிடும், போகிற ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியே மூன்று வருடம் தள்ளினேன். அந்த மூன்றில் ஒரு வருடம், மாற்றல் வராது என்பது எனக்குத் திட்டமாகத் தெரியும். தெரிந்தும் வீட்டில் சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி. மார்ச் கணக்கு முடிந்த கையோடு மாற்றல் பேச்சு கிளம்பிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆர்டர் வரும். ஓர் இடத்தில் மூன்று வருடம் ஓட்டியவர் பெட்டி கட்டத் தயாராக இருக்க வேண்டும். பதவி உயர்வு என்றால் பெரும்பாலும் வேறு மாநிலம். அதனால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் பீரோ வாங்குவதானாலும் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்ப்பதானாலும் 'இங்கேயா, போகிற இடத்திலா' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நான் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் நியாயமில்லை.

2012 கோடை விடுமுறையில் முதல்முறை டாக்டரிடம் போனோம். மகளுக்கு அப்போது பதினொரு வயது. மேல்வரிசை முன்பற்கள் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எத்துப்பல் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவள் படிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் கீழ் உதடு தானாகவே அந்த இரண்டு பல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். உதட்டில் எந்நேரமும் இரண்டு பல்லின் தடம் இருக்கும். மார்கழியில் அந்த இடம் வெடித்துத் தோல் உரியும். மனைவி இரவில் வெண்ணெய் தடவி விடுவாள். டாக்டர் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தடத்தைத்தான் பார்த்தார். உதடு அங்கே தங்கத் தங்கப் பல்லை இன்னும் வெளியே தள்ளும் என்றார். இவள் எங்காவது தடுக்கி விழுந்தால் முதலில் அடிபடுவது இந்த இரண்டு பல்தான் என்றும் சொன்னார்.

பக்கவாட்டில் நிறுத்தி எக்ஸ்ரே எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பல் முன்னால் வந்திருப்பது மட்டும் இல்லை, கீழ்த்தாடையும் வளராமல் பின்தங்கியிருக்கிறது. பிறகு, நான் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் பேனா முனையை வைத்தார். கழுத்தெலும்பு. சிறு வயதில் அந்த எலும்புகளின் அடிவிளிம்பு நேராக இருக்குமாம். வளர்ச்சி முடிய முடிய உள்ளே வளைந்துகொண்டே போகுமாம். அதைப் பார்த்து, தாடை வளர இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி வேகமெடுப்பது வயதுக்கு வருகிற சமயத்தை ஒட்டித்தான்.

"இன்னும் ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் நல்லா வளருவா சார். அதுக்குள்ள பண்ணினா கீழ்த்தாடையை முன்னால கொண்டுவர முயற்சி பண்ணலாம். அப்புறம்னா பல்லைத்தான் நகர்த்த முடியும், தாடையை முடியாது" என்றார்.

அவர் சொன்ன சாதனத்தின் பெயர் ட்வின் பிளாக். வில்லியம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்து பல் மருத்துவர் 1977இல் கொண்டுவந்தது என்று பின்னால் படித்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, கழற்றி மாட்டுகிற இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள். இரண்டின் சரிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் கீழ்த்தாடையை முன்னால் நீட்டித்தான் வாயை மூட முடியும். சாப்பிடும்போதுகூட வாயில் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் அந்தக் கட்டம் முடிந்துவிடும். அதற்கு 18,000 ரூபாய். பிறகு தேவைப்பட்டால் கம்பி கட்டுவது தனி, அதற்கு 35,000.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நடுவுல டிரான்ஸ்ஃபர் வந்துட்டா கட்டின பணம் என்ன ஆகும் மேடம்?"

"அதுக்கெல்லாம் வழி இருக்கு சார்."

என்ன வழி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் எனக்குச் சாக்கு இல்லாமல் போயிருக்கும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

நான் பார்ப்பது கடன் பிரிவு. வீடு கட்டுவதற்கான கடனை ஒரே தவணையில் கொடுக்கமாட்டோம். அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் மீதி. பாதியில் வேலை நின்றாலும் யாருக்கும் பெரிய நட்டம் வராது. பல் சிகிச்சைக்கும் அப்படியே கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கலாம் என்பது என் மூளைக்கு எட்டாத விஷயமில்லை. அடுத்தவர் வீட்டுக்கு நாள்தோறும் நான் போடுகிற கணக்கு அது. என் மகளுக்கு அதைப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதே வருடம் வல்லம் சாலையில் ஒரு மனை வந்தது. முன்பணம் 50,000 ரூபாயை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் ஊர் மாறினாலும் மனை எங்கேயும் போகாது என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். என் அம்மா வேறு, "பொம்பளப்புள்ளதானே, கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துக்கிட்டாப் போதாதா" என்றார். மனைவிக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டாள். எனக்கு வரவில்லை. உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்துப்பல் ஒரு நோயா? காய்ச்சலா, வலியா? அழகுக்குச் செய்கிற செலவு. அந்த அழகு தேவைப்படும்போது செய்தால் போதும். என் மகளின் வாயை நான் கல்யாணச் செலவுப் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். டாக்டர் பயமுறுத்திப் பணம் பார்க்கிறார் என்றும் சந்தேகப்பட்டேன். இரண்டையும் வெளியே சொல்ல முடியாது. மாற்றல் என்று சொன்னால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

மகளும் கேட்கவில்லை. அவள் அதை நம்பினாள். ஒருநாள் பள்ளி வாசலில் அவளுக்காகக் காத்திருந்தபோது, கூட நடந்து வந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "நாங்க எப்படியும் வேற ஊருக்குப் போயிடுவோம். அங்க போய்த்தான் கிளிப் போட்டுப்பேன்." என் வாயிலிருந்து வந்த வாக்கியம் அச்சு மாறாமல் அவள் வாயில் இருந்தது. கேட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

2013இல் எனக்கு மாற்றல் வரவேண்டிய முறை. போக விருப்பமில்லை. மனை வேலை பாதியில் இருந்தது, கிளையும் எனக்குப் பழகிவிட்டது. மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். பிள்ளைகளின் படிப்பைக் காரணம் காட்டி இதே இடத்தில் நீட்டிக்கக் கேட்பது எங்கள் வேலையில் வழக்கம். நானும் அதையே எழுதினேன். என் மகள் இன்ன வகுப்பில் படிக்கிறாள், நடுவில் பள்ளி மாற்றினால் பாதிக்கப்படுவாள், கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்று. மே மாதம் பதில் வந்தது. ஒரு வருடம் அதே கிளையில் நீட்டிப்பு.

அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வீட்டில், "ஆர்டர் இன்னும் வரல, எப்ப வேணாலும் வரலாம்" என்றேன். மனைவி பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கித் துடைத்து வைத்தாள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன ஒன்றரை வருடத்தில் அப்போது நாள் மிச்சம் இருந்தது. ஊரில் தங்குவதற்கு என் மகளைக் காரணம் காட்டினேன். அவளுக்குச் செலவு செய்யாமல் இருக்க, ஊரைவிட்டுப் போகப்போவதைக் காரணம் காட்டினேன். இரண்டும் ஒரே மாதத்தில்.

அந்த நாட்களில்தான் ஒரு பெண்மணி நகைக்கடனைப் புதுப்பிக்கக் கிளைக்கு வருவார். பையனுக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தது. வெளியே கட்டுகிற பணத்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரிக்கு மாதாமாதம் பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தார். ஒரு நாள் கூலி போய்விடும் என்றார். அவருடைய ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் சம்பளத்தில் பாதிகூட வருமானம் இல்லாத ஒருவர் செய்கிறார் என்பது புரிந்தது. புரிந்தும் அன்று மாலை நான் டாக்டரிடம் போகவில்லை.

அதற்கடுத்த வருடமும் மாற்றல் வரவில்லை. 2015இல், ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், என்னிடம் கேட்காமலேயே மனைவி நாள் குறித்துவிட்டாள். மறுபடி எக்ஸ்ரே. டாக்டர் பழைய படத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விளக்கில் மாட்டினார். கழுத்தெலும்பின் அடிவிளிம்பு வளைந்திருந்தது. அவர் சுட்டிக்காட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இனிமேல் இரண்டு வழி என்றார். மேல்வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, அந்த இடத்துக்கு முன்பற்களைப் பின்னால் இழுப்பது. இல்லையென்றால் பதினெட்டு வயதுக்கு மேல் தாடையில் அறுவைசிகிச்சை. முதல் வழியில் பல் சரியாகும், தாடை அங்கேயேதான் இருக்கும். முதல் வழிக்கு ஒப்புக்கொண்டோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2012இலேயே செய்திருந்தால் எல்லாம் நேராகியிருக்கும் என்று அந்த டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சாதனத்தில் வருகிற மாற்றத்தில் ஒரு பங்கு பல் சாய்வதால் வருவது, தாடைக்குக் கிடைப்பது ஆளுக்கு ஆள் மாறும், அதற்குப் பிறகும் கம்பி தேவைப்பட்டிருக்கலாம் என்பதுதான் உண்மை. இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னவர்கள் உண்டு. நான் எடுத்துக்கொள்ளவில்லை. முயன்று பார்க்க ஒரு காலம் இருந்தது, அது அவளுடையது. அதை நான் செலவழித்தேன்.

பல் பிடுங்கிய அன்று நான்தான் கூட இருந்தேன். எஃகுத் தட்டில் இரண்டையும் வைத்தார்கள். சொத்தை இல்லை, கறை இல்லை, வேர் முழுசாக இருந்தது. வாயில் பஞ்சைக் கடித்தபடி மகள் தட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, வலிக்கிறது என்று சொல்வதற்காகப் பார்த்தாள்.

மாற்றல் 2016 மே மாதம் வந்தது. ஹைதராபாத். வாயில் கம்பி, இடைவெளி பாதிதான் மூடியிருந்தது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம், ஏழு மில்லிமீட்டர் இடம் மூட வேண்டும். இத்தனை வருடம் எதைச் சொல்லிப் பயங்காட்டினேனோ அது நடந்தேவிட்டது. டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் கலங்கவில்லை. அங்கே போய்ப் பார்க்க வேண்டிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார்: பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் எந்த முறை, அதில் கம்பி உட்காரும் காடி எந்த அளவு, இப்போது போட்டிருக்கும் கம்பி எது, பல் எடுத்த தேதி, இன்னும் எவ்வளவு மூட வேண்டும், எதுவரை பணம் வாங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரே, புகைப்படம், வெள்ளை பிளாஸ்டரில் வார்த்த பல் அச்சு, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். முதலில் ஒரு தொகை, பிறகு வருகிற மாதம்தோறும் கொஞ்சம் என்றுதான் வாங்கியிருந்தார். வராத மாதங்களுக்குக் கேட்கவில்லை. ஹைதராபாத் டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, அதே பிராக்கெட்டை வைத்துக்கொண்டே தொடர்ந்தார். இடம் மாறி ஒட்டியிருந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துத் திரும்ப ஒட்டினார். பதிவுக் கட்டணம், மீதி மாதங்களுக்கான பணம், அவ்வளவுதான் கூடுதல் செலவு. 2012இல் தஞ்சாவூர் டாக்டர் 'வழி இருக்கு' என்று சொன்னது இதைத்தான்.

அடுத்த வருடம் கம்பியைக் கழற்றினார்கள். பல்வரிசை நன்றாக இருக்கிறது. உதட்டில் தடம் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் முகவாய் உள்ளே போயிருப்பது தெரியும். தெரிகிறவர்களுக்குத்தான் தெரியும் என்கிறாள் மனைவி. எனக்குத் தெரிகிறது.

நீட்டிப்புக் கடிதத்தைப் பற்றி மனைவியிடம் சொன்னது மிகவும் தாமதமாக, மகள் வேலைக்குப் போன பிறகு. முழுதும் கேட்டுவிட்டு, "அந்த வருஷம் நான் பெட்டியெல்லாம் இறக்கி வச்சேனே" என்றாள். பிறகு, "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

சொன்னேன். மகள் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, "அந்த லெட்டர்ல என் பேரு இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா."

"அம்மாகிட்ட பொய் சொன்னதுக்கு அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. என் பேரைப் போட்டதுக்கு என்கிட்ட கேளுங்க."

கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.