பனியில் எரிந்த சாராயம்

மதுவிலக்கு வழக்குகளின் மகஜர்களைப் படித்துப் பழகிய வக்கீல்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகிவிடும். கேனின் மூடியைத் திறந்து முகர்ந்ததில் சாராய நெடி வீசியது, சிறிது எடுத்துத் தீக்குச்சியால் கொளுத்தியதில் நீல நிறத்தில் எரிந்தது, எனவே கள்ளச்சாராயம் எனத் தெரிந்து கைப்பற்றப்பட்டது. ஊர் மாறும், தேதி மாறும், எதிரியின் பெயர் மாறும். இந்த வாக்கியம் மட்டும் காற்புள்ளி பிசகாமல் வந்துகொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் வந்த வழக்குக் கட்டிலும் அது இருந்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் மேட்டு ஊர் ஒன்றில் மார்கழி மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடந்த ரெய்டு. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனுடன் ஓர் ஆள் பிடிபட்டார். 180 மில்லி மாதிரிக்கு எடுத்து, மீதியை அங்கேயே கொட்டி அழித்ததாக மகஜர் சொன்னது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், பிரிவு 4(1)(அ). ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் அமல்படுத்திய அதே சட்டம்தான். பிறகு எத்தனையோ முறை தளர்த்தப்பட்டு, இறுக்கப்பட்டு, திருத்தப்பட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது.

என் கட்சிக்காரருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். அலுவலகத்துக்கு வந்தவர், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே மகஜரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நீல நிறத்தில் எரிந்தது என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"அது எரியாது வக்கீல் சார். ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி ஊத்தின சரக்கு. வெயில் காலத்துல வேணும்னா பத்தும். அந்தப் பனியில தீக்குச்சிதான் அணையும்."

கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வது வெளியே போகக் கூடாது. 2024 வரை அமலில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அந்தப் பூட்டைப் போட்டிருந்தது, வழக்கு முடிந்த பிறகும் அது திறப்பதில்லை. இங்கே நான் எழுதுவது அவர் கொடுத்த அனுமதியால்தான். ஊர் பேரைப் போடாமல் எழுதிக்குங்க என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? தண்ணீர் கலந்த சாராயம் எரியாது என்று வாதாட வேண்டுமானால், அது சாராயம்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். போதாக்குறைக்கு, குற்றம் ஆவதற்கு வீரியம் எவ்வளவு என்பது முக்கியமே இல்லை. ஆல்கஹால் உள்ள திரவம் என்றால் போதும்.

இருந்தாலும் அவரைப் பேச விட்டேன். அளவு கருவி எதையும் கையில் தொடாமல் சரக்கின் வீரியத்தைச் சொல்லும் வித்தை அவருக்குப் பரம்பரையாக வந்தது. பாதி நிரம்பிய பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி, மேலே எழும்பும் குமிழியைப் பார்ப்பார். பெரிய குமிழியாக எழும்பிச் சட்டென்று உடைந்தால் கடுஞ்சரக்கு. சின்னச் சின்னதாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் சேர்ந்தது. உள்ளங்கையில் தேய்த்து எவ்வளவு வேகமாகக் காய்கிறது, எவ்வளவு குளிர்ச்சி தட்டுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. நாக்கு நுனியில் ஒரு சொட்டு. கடைசியாக நெருப்பு. அதோடு, பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் குமிழிச் சோதனையே கெட்டுவிடும் என்றும், ஏமாற்றுகிறவன் அதைத்தான் செய்வான் என்றும் தொழில் ரகசியத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

இதை மலையூர்க்காரரின் கைவேலை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மெக்சிக்கோவில் மெஸ்கால் காய்ச்சுகிறவர்களும் குழாயில் உறிஞ்சி, சுரைக்குடுக்கையில் விட்டு, மேலே நிற்கும் முத்துக்களைத்தான் பார்க்கிறார்கள். அதை ஆராய்ந்த இயற்பியலாளர்கள், 50 சதவீதத்தை ஒட்டிய வீரியத்தில்தான் அந்த முத்துக்கள் அதிக நேரம் நிற்கின்றன என்று கண்டார்கள். அதற்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் சீக்கிரம் உடையும். அதாவது, சீக்கிரம் உடைந்ததென்றால் மிகக் கடுமையாகவும் இருக்கலாம், மிக லேசாகவும் இருக்கலாம். குமிழியின் பருமனையும் நாக்கையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கே எது என்று தெரியும். பிரிட்டனில் வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்திப் பார்த்ததாகவும், அப்போதும் பற்றினால் வீரியம் நிரூபணமானதாகவும் கதை உண்டு. 1816-இல் அங்கே ஒரு சட்டமே கொண்டுவந்து சைக்ஸின் மிதப்புமானியை உட்கார வைத்தார்கள். அந்த 'புரூஃப்' அளவு நம் கணக்கில் சுமார் 57.1 சதவீதம். நம்மூர் பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம், 25 டிகிரி யு.பி. என்று அச்சடித்திருக்கிறார்களே, அது புரூஃப் அளவில் கால் பங்கு குறைத்தது. வெடிமருந்து போய்விட்டது; கணக்கு மட்டும் நம் பாட்டில் லேபிளில் தங்கிவிட்டது.

கல்லூரியில் வேதியியல் நடத்திய நண்பர் ஒருவரிடம் பெரியவரின் சிரிப்பைச் சொன்னேன். அவர் ஓர் அட்டவணையை எடுத்து வைத்தார். சாராயம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. திரவம் போதுமான சூட்டில் இருந்தால்தான் பற்றுகிற அளவு ஆவி மேலே நிற்கும். 40 சதவீத ஆல்கஹாலுக்கு அந்தச் சூடு ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸ். 20 சதவீதத்துக்கு 36 டிகிரி. 10 சதவீதத்துக்கு 49. அப்படியென்றால் வேலூரில் மே மாத மதியம் 20 சதவீதச் சரக்குகூடத் தீக்குச்சிக்குக் குப்பென்று பற்றும். அதே தீக்குச்சி ஊட்டியின் விடியலில் நல்ல பிராந்தியிலும் விழுந்து அணையும். நெருப்பு சொல்வது பாட்டிலின் வீரியத்தை மட்டும் அல்ல, பாட்டிலும் பருவமும் சேர்ந்த கணக்கை.

நண்பர் அதோடு விடவில்லை. ஆய்வகத்தில் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து மூன்று வீரியங்களில் தயாரித்து, பனிக்கட்டியில் வைத்து 15 டிகிரிக்குக் குளிர்வித்தார். 25 சதவீதத்தில் தீக்குச்சி அணைந்தது. 40-இலும் அணைந்தது. 60 சதவீதத்தில் தீக்குச்சியை மேலேயே சிறிது நேரம் பிடித்திருந்த பிறகு, மேற்பரப்பு சூடேறிப் பற்றியது. வெயிலில் வைத்த 40 சதவீதம் உடனே எரிந்தது. எடை போட்டுப் பார்ப்பதுதான் வீட்டிலேயே ஓரளவு நம்பத்தக்க வழி என்றும் சொன்னார்: ஒரே பாட்டிலில் ஒரே கோடு வரை தண்ணீரும் சரக்கும் நிரப்பி நகைக்கடைத் தராசில் வைத்தால், 180 மில்லி பிராந்தி தண்ணீரைவிடச் சுமார் 10 கிராம் குறையும். ஆனால் அதிலும் வெல்லமோ சர்க்கரையோ கரைந்திருந்தால் எடை ஏறி வீரியம் குறைவாகத் தெரியும். 20 டிகிரிக்குப் போட்ட அட்டவணையை 30 டிகிரி அறையில் பார்த்தால் நான்கு சதவீதம் வரை கூடுதலாகக் காட்டும். இதையெல்லாம் கேட்ட பிறகு, மலையூர்ப் பெரியவரின் கண்ணும் கையும் மீது என் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் ஒரே இடம், ஒரே பானை, ஒரே வகைச் சரக்கு என்று ஆயுள் முழுக்கப் பார்த்தவர். அந்த எல்லைக்குள் அவர் கணிப்பு சரியாகவே இருந்திருக்கும்.

விசாரணை தொடங்கியது. மகஜர் சாட்சிகள் இரண்டு பேரும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிப் பிறழ்ந்துவிட்டார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆய்வக அறிக்கைதான் அரசுத் தரப்புக்கு அடி. மாதிரி பாட்டில் பல மாதம் கழித்து ஆய்வகத்துக்குப் போயிருந்தது. மூடி தளர்ந்து கசிந்ததால் பரிசோதனைக்குப் போதிய திரவம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆக, மிஞ்சியது ரெய்டு நடத்திய உதவி ஆய்வாளரின் மூக்கும் தீக்குச்சியும்.

அவர் நல்ல சாட்சி. பதறவில்லை, மிகைப்படுத்தவில்லை. நான் குறுக்கு விசாரணையில் சாராயத்தைப் பற்றியே பேசவில்லை. குளிரைப் பற்றிக் கேட்டேன். ஸ்வெட்டர் போட்டிருந்தீர்களா? ஆமாம். குல்லா? போட்டிருந்தேன். பனி இறங்கியிருந்ததா? பத்தடிக்கு முன்னால் ஆள் தெரியவில்லை. கேன் எங்கே இருந்தது? வெளியே, பாறை இடுக்கில். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்ததா? எதிரி அப்படித்தான் சொன்னார். எதில் ஊற்றிக் கொளுத்தினீர்கள்? கேன் மூடியில். எத்தனை தீக்குச்சி? ஒன்று. உடனே பற்றியதா? உடனே பற்றியது. எரிந்தது எவ்வளவு நேரம்? நன்றாக எரிந்தது.

அறிவியல் விஷயங்களில் உரிய நூல்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொன்னது. நண்பர் கொடுத்த நூலை அந்தப் பிரிவைச் சொல்லி மேசைமேல் வைத்தேன். நடுவர் அட்டவணையைத் தானே படித்தார். அவர் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. பக்கத்தைப் புரட்டியவர், சாட்சியைப் பார்த்து நான் நினைத்தே பார்க்காத கேள்வியைக் கேட்டார்.

"மெத்தனால் 11 டிகிரியிலேயே பற்றும் என்று போட்டிருக்கிறதே. நீங்கள் சொல்கிற குளிரில் ஒரே குச்சியில் உடனே எரிந்தது எது?"

உதவி ஆய்வாளர் பதில் சொல்லவில்லை. அரசு உதவி வழக்கறிஞரான ஏ.பி.பி. எழுந்து ஏதோ சொல்ல வந்து உட்கார்ந்துவிட்டார்.

மகஜர் வாக்கியம் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். நீலமாக எரிந்தால் சாராயம், எரியாவிட்டால் தண்ணீர் என்று காவல் துறையும் நம்புகிறது, குடிக்கிறவனும் நம்புகிறான். மெத்தனாலும் நீலமாகத்தான் எரிகிறது. வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய நீலம். நெருப்புச் சோதனையில் சாராயத்தைவிட அது சுலபமாகத் தேறிவிடும். உடலில் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்னும்போதுதான் வித்தியாசம் தெரியும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் மெத்தனால். அங்கே விற்ற சாராயத்தைக் கொளுத்திப் பார்த்திருந்தால் நன்றாகவே எரிந்திருக்கும்.

என் வாதத்தில் நான் முக்கியமாக நம்பியது 1967-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆந்திர அரசின் மேல்முறையீட்டில் வந்தது. நம் 1937 சட்டத்தின் கீழேயே எழுந்த வழக்கு. அனுபவம் வாய்ந்த அதிகாரிகள் முகர்ந்து பார்த்துச் சாராயம் என்றார்கள் என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, தொழில்நுட்பம் அறிந்தவரின் அறிவியல்பூர்வமான சான்று விரும்பத்தக்கது மட்டுமல்ல, அவசியமும்கூட என்று அதில் சொன்னார்கள். அதற்கு எதிராக, மூக்கோடு நெருப்பும் சேர்ந்திருக்கிறதே என்று ஏ.பி.பி. வாதிட்டார். நியாயமான வாதம்தான். மே மாதத்து ரெய்டாக இருந்திருந்தால் எடுபட்டிருக்கலாம்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. தீர்ப்பு ஆய்வக முடிவு இல்லாததையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சார்ந்து நின்றது. குளிரும் தீக்குச்சியும் ஒரு பத்தியில் வந்து போயின. கொளுத்தியதாகச் சொல்வது நம்பும்படி இல்லை என்று மட்டும் நடுவர் எழுதினார், பொய் என்று எழுதவில்லை. உதவி ஆய்வாளர் அந்த வாக்கியத்தை யோசித்து எழுதியிருப்பார் என்று நானும் நினைக்கவில்லை. ஸ்டேஷனில் எழுத்தர் எல்லா மகஜரிலும் எழுதுவதை இதிலும் எழுதியிருப்பார்.

பெரியவர் வராந்தாவில் காத்திருந்தார். மெத்தனாலைப் பற்றி நடுவர் கேட்டது அவருக்கு விளங்கவில்லை, என்னிடம் கேட்டார். விளக்கிச் சொல்லிவிட்டு, உங்கள் குமிழியிலும் உள்ளங்கையிலும் அது பிடிபடுமா என்று கேட்டேன்.

"நான் காய்ச்சுனது எங்கிட்ட இருந்தா தெரியும் சார். இன்னொருத்தன் கேன்ல கொண்டாந்து கலந்தான்னா நானும் குடிச்சிட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்," என்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி, பாக்கி ஃபீஸை அடுத்த வாரம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தந்தார்.