வண்ணாத்தி

பாறசாலையில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து களியக்காவிளைச் சந்தைக்கு நடந்தே செல்லலாம். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழர் கிளர்ந்து கேட்ட நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எங்களுக்குப் பள்ளியில் மலையாளம், அடுக்களையில் தமிழ்.

ஒரு மழைக்கால இரவில் விளக்கொளியை நாடிவந்த பூச்சியொன்று சுவரில் ஒட்டிக்கொண்டது. சிறகு விரிப்பு ஒரு சாண் இருக்கும். செம்பழுப்பு நிறம், சிறகு நுனிகளில் பாம்புத் தலை எழுதினாற்போன்ற கோலம். மலையாளத்தார் நாகசலபம் என்பர். எங்கள் அம்மாவுக்கோ சிறகுள்ள பூச்சியெல்லாம் வண்ணாத்திப்பூச்சிதான். "வண்ணாத்தி வந்திருக்கு மக்களே, தொடப்பிடாது" என்றார். உடனிருந்த அடுத்த வீட்டுத் தோழன், வண்ணாத்தி இரவிலும் வருமோ என்று திகைத்தான். அவன் மொழியில் வண்ணாத்திப்புள்ளு என்பது குண்டுக்கரிச்சான். விடியலில் பாடும் கறுப்பு வெள்ளைக் குருவி! அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கின்றது.

பெயர் ஒன்றாயினும் வாழ்வு வேறு. அப்பூச்சிக்கு உண்ணும் வாயில்லை. புழுவாயிருந்தபோது கொய்யா இலையும் எலுமிச்சை இலையும் தின்று சேர்த்ததைக் கொண்டே ஓரிரு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகின்றது. தாயை அது கண்டதில்லை, கற்பிப்பாருமில்லை, வேண்டியன யாவும் உடன்பிறந்தவை. பாடும் பறவை அவ்வாறன்று. மூத்தவை பாடக் கேட்டே குஞ்சு பாட்டுப் பயில்கின்றது. இங்கிலாந்தில் தார்ப் என்னும் அறிஞர் 1950களில் ஒருவகைப் பாடுங்குருவிக் குஞ்சுகளைத் தனித்து வளர்த்துப் பார்த்தார். அவை பாடின, ஆயினும் அப்பாட்டு உருச்சிதைந்திருந்தது. நம் குண்டுக்கரிச்சானோ அயற்பறவைகளின் குரலையும் கேட்டுத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும். எல்லைப்புறத்தாராகிய எங்களுக்கு அதனிடம் தனிப்பரிவு உண்டு.

பிழைப்பு நாடி நாங்கள் மூவரும் மும்பை சேர்ந்தோம். தமிழ் எங்கள் பிள்ளைகளுக்குத் தானே வந்துவிடும், குருதியில் உள்ளதுதானே என்றிருந்தோம். பூச்சியின் கணக்கைக் குருவிக்குப் போட்டோம் போலும். அம்மா தம் இறுதி நாள்களில் தொலைபேசியில் "சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்பார். பிள்ளைகள் சற்றே விழித்துவிட்டு, கருவியை எங்கள் கையில் தந்துவிட்டு ஓடுவார்கள். அவர் மறுமுனையில் காத்திருப்பார்.

சென்ற கோடையில் அவர்களைப் பாறசாலைக்கு அழைத்துச் சென்றோம். விடியலில் மின்கம்பியில் அமர்ந்து அக்குருவி பாடியது. இளையவள் பெயர் கேட்டாள். நூலில் உள்ள தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் சொன்னோம்.

"ஆச்சி இதை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்றாள், தட்டுத்தடுமாறித் தமிழில்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூவருக்கும் நினைவில்லை.