கீழ் வீட்டு யன்னல்

கனடாவிலே, விசேடமாக ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலே குடியேறிய நம்மவர் எவரையேனும் சந்தித்து, “வந்த புதிதில் எங்கே குடியிருந்தீர்கள்?” என்று வினவினால், அநேகர் சற்றே நகைத்துவிட்டு, “நிலத்துக்குக் கீழேதான்” என்று விடை பகர்வர். தாய்நாட்டிலுள்ள வாசக அன்பர்களுக்கு இவ்விடை வியப்பளிக்கக்கூடும். நமது யாழ்ப்பாணத்தில் மேல்மாடி கட்டுவார் உண்டு; கீழ்மாடி தோண்டுவார் இல்லை. சற்று ஆழ வெட்டினால் சுண்ணக்கல்; அதையும் உடைத்தால் தண்ணீர். நாமும் நிலத்தைத் தோண்டி உள்ளே இருந்த காலம் ஒன்று உண்டுதான். அதனைப் பின்னர் சொல்வேன்.

இங்கே கீழ் வீடு ஏற்பட்டதற்குக் காரணம் பனி. மாரிக் காலத்தில் நிலம் உறையும்போது மண்ணிலுள்ள நீரும் உறைந்து பருத்து, மேலேயுள்ள கட்டடத்தையே தூக்கிவிடும். ஆதலால் ரொறன்ரோவில் அத்திவாரத்தின் அடி குறைந்தது 4 அடி ஆழத்திலாவது இருத்தல் வேண்டும். 4 அடி தோண்டியவன் இன்னும் சிறிது தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுகிறது. அதற்குக் கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பி, வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை, சுடுநீர்த் தாங்கி, துணி தோய்க்கும் இயந்திரம் ஆகியவற்றை அங்கே வைப்பர். இதனையே பேஸ்மென்ற் என்பர். கையில் காசு குறைந்த புதுக் குடியேறிகளுக்கு வாடகைக்கு அகப்படுவதும் பெரும்பாலும் இதுவே.

1991ஆம் ஆண்டு முதல் 1999 வரை, எட்டு ஆண்டுகள், நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அத்தகைய ஒரு கீழ் வீட்டில் வாழ்ந்தோம். வீட்டுக்காரர் நம்மவரே, கெட்டவரல்லர். மீன் காய்ச்சினால் ஒரு கோப்பை எங்களுக்கும் இறங்கி வரும். எமது அறையில் முகட்டோடு ஒட்டியபடி, ஒரு சாண் உயரமான இரண்டு யன்னல்கள் இருந்தன. கோடையில் அவற்றினூடே வழிப்போக்கரின் பாதங்கள் தெரியும். மாரியில் பனி மூடி, நண்பகலிலும் விளக்கு வேண்டும். என் மனைவிக்கு அந்த அறையைக் கண்ட நாள் முதலாய்ப் பிடிக்கவில்லை. 1987இலும் 1990இலும் குருநகரில் பனங்குற்றியும் மண்மூடையும் அடுக்கிய பதுங்குகுழியில், மூத்த மகனை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொல்லி விடியவைத்தவள் அவள். “அங்கே குண்டுக்குப் பயந்து ஒளித்தோம்; இங்கே வாடகைக்குப் பயந்து ஒளிக்கிறோம்” என்பாள். இரவில் உலை உறுமிக்கொண்டு எரியத் தொடங்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுவாள்.

1994 தை மாதத்தில் ஓர் இரவு மகன் சத்தி எடுத்தான். அவனுக்கு அப்போது ஆறு வயது. சாப்பாடு பிழைத்ததென எண்ணினோம். சிறிது நேரத்தில் மகளும் தலையிடி என்று அழுதாள். எனக்கும் தலை கனத்தது. ஆனாலும் இரண்டாம் நேர வேலை முடித்து வந்தவனுக்குத் தலை கனப்பது புதிதா என்று படுத்துவிட்டேன். என் மனைவிதான், மருந்து கேட்கலாமென்று, மருத்துவமனையொன்றில் தாதியாகப் பணி செய்த தன் ஒன்றுவிட்ட அக்காளுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “எல்லாருக்குமா தலையிடி?” “ஓம், எல்லாருக்கும்தான்.” “அப்படியென்றால் அது சாப்பாடு இல்லை. உடுப்பு மாற்றாதே. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே போ.”

காற்று வரட்டுமென்று முதலில் யன்னலைத் திறக்கப் பார்த்தேன். பல தடவை வர்ணம் பூசிப் பூசி அது சட்டத்தோடு ஒட்டியிருந்தது. பிடி கையோடு வந்துவிட்டது. வெளியேறும் படியோ உலைக்குப் பக்கத்தில். அந்த உலைதான் நஞ்சைக் கக்குகிறதென்று அறியாமலே அதனருகால் பிள்ளைகளைத் தூக்கிச் சென்றோம். மேலே வீட்டுக்காரரையும் எழுப்பி, எல்லோருமாகப் பனியில் நின்றோம். தீயணைப்புப் படையினர் வந்து அளந்து பார்த்தனர். புகைபோக்கியினுள் பறவைக் கூடு அடைத்து, எரிந்த வாயு வெளியே செல்ல வழியின்றி அறைக்குள் திரும்பியிருந்தது. காபனோரொட்சைட்டு என்னும் அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. காய்ச்சல் வருவது போலத் தலையிடியும் சோர்வும் தந்து, பின்னர் நித்திரையாக்கிவிடும். அந்த நித்திரையிலிருந்து எழாதோர் பலர். படையினருள் வயதான ஒருவர், ஒட்டிக் கிடந்த யன்னலைப் பார்த்துத் தலையை அசைத்தார். எதுவும் பேசவில்லை.

1999இல் சிறு வீடொன்றை வாங்கினோம். அதற்கும் ஒரு கீழ் வீடு இருந்தது. அதில் அரிசி மூடைகளும் நத்தார்க் குடிலின் சுரூபங்களும் பழைய கதிரைகளும் வைத்தோமேயன்றி எவரும் படுத்ததில்லை. 2013 ஆடி 8ஆந் தேதி ரொறன்ரோ விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அன்று எங்கள் கீழ் வீட்டில் கழிவுநீர்க் குழாய் வழியே தண்ணீர் மேலெழும்பி முழங்கால் மட்டும் நின்றது. எமது திருமணப் படங்கள் அன்றைக்குப் போயின. மாதாவின் சுரூபத்தைக் கழுவி மீட்டோம், சம்மனசு கரைந்துவிட்டது.

2016இல் மகனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவன் வந்து, “அப்பா, இரண்டு மூன்று வருடம் நாங்கள் கீழே இருக்கிறோம். வாடகை மிச்சம்பிடித்து வீடு வாங்கலாம். கீழ் வீட்டைத் திருத்தித் தாருங்கள்” என்றான். நியாயமான கேள்வி. இந்நகரில் வீட்டு விலை இளம் தம்பதிகளை எப்படி மிரட்டுகிறதென்பதை நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. எனக்கு மகிழ்ச்சியே. அவன் தாயோ எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மூன்று நாள் அதுபற்றி அவள் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள், “என் பிள்ளையைத் திரும்பவும் பங்கருக்குள் விடமாட்டேன்” என்றாள்.

அவளை ஆறுதற்படுத்த எண்ணி, அழகான இடமாக்கித் தருவேன் என்று வாக்களித்தேன். அழகு என்றால் எனக்குத் தோன்றியவை பளிங்கு ஓடும் சிறு குசினியும் சுவரோடு புதைத்த விளக்குகளும். தச்சு வேலைக்கு அமர்த்தியவர் வல்லவர். அவரோடு சேர்ந்து, முதலில் தண்ணீரின் வழியைத் தேடினோம். என் தகப்பனார் கரையூரில் வள்ளம் கட்டியவர். ஒழுகும் வள்ளத்தைக் கரையேற்றினால், தார் பூசுமுன் ஒரு நாள் முழுவதும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்படுவோரைத் திட்டுவார். அந்த ஞாபகத்தில் நானும் சுற்றினேன்.

சுவரின் அடியில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. ஊரில் நாம் உவர் என்பது இதுவே. சுவருக்குள் நீர் நுழைந்து, காயும்போது உப்பை விட்டுச் செல்கிறது என்பதற்கு அது சாட்சி. அதற்குமேல் வர்ணம் பூசுவது வீண். தரையில் தெளிந்த பிளாஸ்ரிக் தாளொன்றை நாற்புறமும் ஒட்டிச் சில நாள் விட்டோம். தாளின் கீழே ஈரம் கோத்தால் நிலத்திலிருந்து வருகிறது. மேலே கோத்தால் காற்றிலிருந்து வருகிறது. எங்களுக்குக் கீழேயே கோத்தது. வெளியே சென்று பார்த்தால் குற்றத்தின் பாதி எங்களுடையது: கூரைப் பீலியின் நீர் சுவரடியிலேயே விழுந்தது, சுற்றியிருந்த மண்ணோ வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. குழாயை நீட்டி, மண்ணை வெளிப்புறமாகச் சரித்தபின் பாதி ஈரம் காசில்லாமலே நின்றது. கழிவுநீர் உள்ளே திரும்பாதிருக்க, ஒரு திசையில் மட்டும் திறக்கும் வால்வைத் தரைக்குள் பொருத்தினோம். விதிகளுக்கு அமையச் செய்தால் மாநகரசபை இதன் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பலர் இதை அறியார்.

பின்னர் கொங்கிறீற்றோடு ஒட்டி நுரைப் பலகை. அதற்கு இப்பால் மரச்சட்டம். மரத்தை நேரே குளிர்ந்த சுவரில் சாத்தினால், அறையின் சூடான காற்று அங்கே பட்டு வியர்த்து, சில ஆண்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிடும். தரைக்கும், ஈரத்தைத் தடுக்கும் குமிழ் விரிப்பைப் போட்டு அதன்மேல் பலகை அடித்தோம். பழைய வீட்டின் கீழ்த்தளத்தைத் தனிக் குடியிருப்பாக்கும்போது முகடு 1.95 மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் கட்டடச் சட்டம். எமது முகடு தேறியது. எனினும் குறுக்கே ஓடும் உத்தரத்தில் ஆறடி உயரமான என் மகன் இன்றும் வாரம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்கிறான்.

யன்னலில்தான் நான் சறுக்கினேன். கீழே படுக்கையறை வைப்பதானால், அங்கிருந்து நேரே வெளியேறக் கதவு இல்லாதபோது, ஓர் ஆள் வெளியேறத்தக்க யன்னல் வேண்டும்: திறந்த இடைவெளி 0.35 சதுர மீற்றர். எப்பக்கமும் 38 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது. சாவியோ ஆயுதமோ இன்றி உள்ளிருந்து திறக்க வேண்டும். இதற்குக் கொங்கிறீற்றுச் சுவரை அறுத்து, மேலே தாங்குவிட்டம் வைத்து, வெளியே குழி தோண்டி, அக்குழியில் நீர் தேங்காமல் வடிகால் அமைக்க வேண்டும். எல்லாமாக 7,000 டொலருக்குமேல் என்று கணக்கு வந்தது. குசினிக்கு நான் ஒதுக்கிய பணம் ஏறக்குறைய அதுவே. தச்சர் என்னை ஓரமாக அழைத்து, “அண்ணை, உதையெல்லாம் ஆர் வந்து பார்க்கப்போறான்? பெர்மிற் எடுக்காமல் விடுங்கோ. படுக்கையறை என்று சொல்லாமல் படிக்கிற அறை என்று சொல்லுங்கோ. எல்லாரும் அப்படித்தான் செய்யினம்” என்றார்.

உண்மையை எழுதுவதானால், எனக்கு அவர் சொன்னது இனித்தது. நானே வர்ணம் ஒட்டிய யன்னலின் பிடி கையோடு வரக் கண்டவன். அப்படியிருந்தும், பளிங்கு ஓட்டின் மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “பார்ப்போம்” என்றேன். அன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின் என் மனைவியிடம் அக்கணக்கைக் காட்டினேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. “அன்றைக்குத் தம்பி சத்தி எடுத்தான்; அதனால் தப்பினோம். சத்தி எடுக்காமல் நித்திரையாகப் போயிருந்தால்?” என்று மட்டும் கேட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாங்கள் இருவரும் வாய்விட்டுக் கேளாத கேள்வி அது.

மறுநாளே அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தேன். குசினி எளியதாயிற்று, பளிங்கு ஓடு கடையிலேயே தங்கிற்று. முதலில் நான் வாங்கிய யன்னலைப் பரிசோதகர் ஏற்கவில்லை. கண்ணாடி பெரிதுதான், ஆனால் பக்கவாட்டில் நகரும் வகையாதலால் பாதிதான் திறந்தது. அளந்தால் 33 சென்ரிமீற்றர். “இதற்குள்ளால் நீர் போவீரா?” என்று அவர் என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதைக் கொடுத்து, கதவு போல முழுவதும் திறக்கும் யன்னலாக மாற்றினோம். வெளிக்குழியில், திறந்த யன்னலுக்கு முன்னே 55 சென்ரிமீற்றர் இடம் விட்டோம்.

படுக்கையறைக்கு அருகே காபனோரொட்சைட்டு அறிவிப்பான் வைத்தோம். ஒன்ராறியோவில் 2014 முதல் இது கட்டாயம். புகைபோக்கியை ஆண்டுதோறும் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்தோம். நிலத்திலிருந்து கசியும் றேடன் என்னும் கதிர்வீச்சு வாயுவையும் மாரியில் மூன்று மாதம் வைத்து அளந்தோம். நாட்டின் எல்லை ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரல். எமது வீட்டில் 118.

சூசையப்பர் தச்சர் என்பதால் தொழிலாளர் அவரைப் பாதுகாவலராகக் கொள்வர். இடமில்லையென்ற ஊரில் கர்ப்பவதியான மனைவியுடன் கதவு கதவாய்த் தட்டியவர் அவரே என்பதால், வாடகைக்கு இருப்போர்க்கும் அவரே பாதுகாவலர் என்பது என் எண்ணம். திருச்சபை அப்படி அறிவித்ததா என்று என்னைக் கேளாதீர்கள். அவரது படமொன்றைக் கீழே மாட்டி, 2017 சித்திரையில் வீடு மந்திரிக்கப் பங்குத் தந்தையை அழைத்தோம்.

அன்று காலை, சுவாமி வருமுன், என் மனைவியைக் கீழே காணவில்லை. அறையில் வெயில் விழுந்திருந்தது. யன்னல் திறந்து கிடந்தது. யன்னலடியில் கதிரையொன்று. நான் குழப்பத்தோடு நிற்கையில் மேலே வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். சேலையின் தலைப்பைச் செருகியபடி, முழங்காலில் மண்ணோடு, மூச்சு வாங்க அவள் நின்றாள்.

“நான் வெளிக்கிட்டுட்டேன். இனிக் கட்டிலை இறக்குங்கோ” என்றாள்.