மீன் காட்டும் பெட்டி

கனடாவில், டொரான்டோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் சிம்கோ ஏரி. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரை முறைக்கிற எனக்கு, ஆறாவது நாள் தூண்டில் பைத்தியம். நானும் ஆபீஸ் நண்பனும் பாதிப் பாதி போட்டு 14 அடி அலுமினியப் படகு ஒன்றை செகண்ட்ஹாண்டில் வாங்கினோம். அடுத்தது, ஃபிஷ் ஃபைண்டர்.

"மீன் எந்தக் கடையில இருக்குன்னு எனக்கே தெரியும். இதுக்கு ஒரு மெஷினாங்க?" என்றாள் மனைவி. இருந்தாலும் 400 டாலர் சாங்ஷன் ஆனது. ஏழு வயசுப் பையனுக்கு லைஃப் ஜாக்கெட்டும் அதற்குள்ளேயே.

கடையில் தலை சுற்றியது. ஒன்பது அங்குலத் திரை, பக்கவாட்டிலும் பார்க்கும் சோனார், மீன் நீந்துவதைச் சினிமா மாதிரி காட்டும் லைவ் சோனார்... நண்பனுக்கு அதன் மேல்தான் கண். விலை? எங்கள் படகைவிட அதிகம்!

விஷயம் இதுதான் ஸார். பெட்டியோடு சேர்ந்த டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்புகிறது. நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போய், தரையிலோ மீனின் காற்றுப்பையிலோ மோதித் திரும்புகிறது. திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுகிறது பெட்டி. 20 டிகிரி ஒலிக்கூம்பு என்றால், 30 அடி ஆழத்தில் அது பார்ப்பது பத்தடி அகல வட்டம். அதற்கு வெளியே மீன்கள் மாநாடே நடத்தினாலும் தெரியாது! ஆக, நாம் காசு கொடுப்பது மீனுக்கல்ல, தரைக்கு. எங்கே பள்ளம், எங்கே பாசி, எங்கே பாறை... அது தெரிந்தால் மீன் நிற்கும் இடத்தை ஊகிக்கலாம். அதற்கு ஐந்து அங்குலத் திரையும், இடத்தைக் குறித்து வைக்க ஜி.பி.எஸ்.ஸும் தாராளம். கைக்கு அடக்கமான 12 வோல்ட் பாட்டரி ஒரு பகல் தாங்கும்.

"கஞ்சப் பயடா நீ!" என்றான் நண்பன். "வாங்கறதுதான் வாங்கறோம், பெரிசா வாங்குவோம். ஜாக்கெட் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"மீன் மாட்டலைன்னா வீட்டுக்குப் போயிடலாம். பையன் தவறி விழுந்தா எந்தப் பெட்டியில தேடறது?"

அப்புறம் அவன் பேசவில்லை. படகில் தலைக்கு ஒன்று, அளவான ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டமும்கூட. சின்னப் பெட்டியும் சின்ன ஜாக்கெட்டும் ஒரே பில்லில் வந்தன.

பொருத்துவதிலும் சூட்சுமம் உண்டு. ரிவெட் வரிசைக்கு நேர் பின்னால் டிரான்ஸ்டியூசரை வைத்தால், படகு ஓடும்போது நீர்க்குமிழிகள் புகுந்து திரையில் குப்பைதான் தெரியும். விசிறியிலிருந்தும் தள்ளி, நீரோட்டம் சீராக இருக்கும் இடத்தில் வைத்தோம்.

முதல் சனிக்கிழமை திரை முழுக்க மீன். தூண்டிலில் வந்ததோ உள்ளங்கை நீளத்தில் ஒரே ஒரு மஞ்சள் பெர்ச். அதையும் திருப்பி விட்டோம்.

ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் கழுத்துவரை புதைந்திருந்த பையன் கேட்டான்: "அப்பா, மீனுக்கு எப்பப் பசிக்கும்னு இது காட்டாதா?"

அந்த மாடல் இன்னும் வரவில்லை!