மொரீசியஸ் தீவில் ஒரு பகல்

கப்பல் போட் லூயித் துறைமுகத்தை அணைந்தபோது காலை ஏழு மணி. மாலை ஆறு மணிக்கு மீண்டும் புறப்படும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. உல்லாசக் கப்பலிற் செல்வோருக்கு ஒரு தீவு என்பது பதினொரு மணித்தியாலந்தான். துறைமுக வாயிலிற் குளிரூட்டிய பேருந்துகள் வரிசையாகக் காத்து நின்றன. அவை யாவும் கடற்கரைகளுக்கே செல்பவை. எம்முடன் வந்தோருட் பெரும்பாலார் துவாயும் தொப்பியுமாக அவற்றில் ஏறிக்கொண்டனர். வெண்மணலும் நீலக்கடலும் அழகியவை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் கசூரினாக் கடலிற் குளித்தும் நிலாவெளி மணலில் விளையாடியும் வளர்ந்தவர்களுக்கு, இரண்டாயிரம் மைலுக்கு மேற் கடந்து வந்து மறுபடியும் மணலில் இருப்பதற்கு மனம் வரவில்லை. நாமும் எமது மனைவியாரும் ஒரு வாடகை வண்டி பிடித்து நகருக்குட் சென்றோம்.

இத்தீவுக்கென்று ஆதிகுடிகள் எவரும் இருக்கவில்லை. 1598 இல் ஒல்லாந்தர் வந்து தம் இளவரசர் மொரிட்சின் பெயரை இதற்கு இட்டனர். கரும்பையும் மானையும் கொணர்ந்து விட்டு, 1710 இல் அவர்கள் போய்விட்டனர். பறக்கவியலாத டோடோப் பறவை அவர்கள் காலத்திலேயே அற்றுப் போயிற்று. 1715 இற் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1810 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கைப்பற்றியவர்கள் பிரெஞ்சுக்காரரின் மொழியையும் சட்டத்தையும் மதத்தையும் அப்படியே விட்டுவைத்தனர். ஆதலால் ஆட்சி ஆங்கிலேயருடையதாயினும் நாக்குப் பிரெஞ்சுக்காரருடையதாகவே இருந்தது. இன்றும் வீதியிற் கேட்பது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியே.

துறைமுகச் சதுக்கத்தில் லா பூர்தொனே என்பாரின் சிலை கடலை நோக்கி நிற்கிறது. 1735 இல் ஆளுநராக வந்து இந்நகரை நகராக்கியவர் அவர். கட்டடங்களை எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் அழைப்பித்தார். ஆக, கரும்புத் தோட்டக் கூலிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தமிழன் இங்கே சுவர் கட்டினான். நகரின் கிழக்குப் புறத்தில் அவர்கள் வாழ்ந்த பகுதியைப் பிரெஞ்சுக்காரர் 'மலபார்களின் பாளையம்' என்றனர். தமிழரை மலபார் என்று பெயர்மாற்றி அழைத்த பிழை எமது நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று போலும்!

சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே உள்ளது ஆப்ரவாசி காட். வந்தேறிகளின் படித்துறை என்பது அதன் பொருள். முன்னர் அதனைக் கூலிப் படித்துறை என்றே அழைத்தனர். அருகே ஒரு பெருவீதி. அதில் வாகனங்கள் இரைந்தோடுகின்றன. பக்கத்திற் கரிய கற்சுவர்கள், இடிந்த அறைகள், ஒரு வரிசைப் படிகள். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சீகிரியாவைப் போல நிமிர்ந்து பார்க்க எதுவும் கிடையாது. ஆயினும் எமது பயணத்தில் நாம் மிக நீண்ட நேரம் நின்ற இடம் அதுவே.

1835 இல் இத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1834 நவம்பர் 2 ஆந் திகதி, 'அட்லஸ்' என்ற கப்பலில் முப்பத்தாறு இந்தியத் தொழிலாளர் வந்திறங்கினர். ஒப்பந்தம் ஐந்தாண்டு, ஆணுக்கு மாதச் சம்பளம் ஐந்து ரூபா. இம்முயற்சிக்கு ஆங்கில அரசு 'மாபெரும் பரிசோதனை' எனப் பெயரிட்டது. பரிசோதனை வெற்றியெனக் கண்டதும் திரினிடாட், கயானா, நேட்டால், பிஜி என்று உலகெங்கும் அதே முறை பரவிற்று. 1834 தொடக்கம் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இத்தீவுக்கு வந்தனர். 1849 இல் இப்படித்துறை நிலையம் கட்டப்பட்டபின், மக்கள் 'பதினாறு படிகள்' என்று பெயர் சொல்லும் இப்படிகளால் ஏறியே உள்ளே வந்தார்கள். ஓரிரு நாள் இங்கு தங்கவைக்கப்பட்டு, பெயரும் ஊரும் சாதியும் அடையாளக் குறிகளும் பதியப்பட்டு, தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். 2006 இல் இது உலக மரபுரிமைத் தலமாக்கப்பட்டது.

கப்பலிற் சங்கிலியிட்டுக் கொண்டுவரவில்லை, ஒப்பமிட்டே வந்தார்கள் என்று சொல்வாருண்டு. உண்மைதான். ஆனால் ஒப்பமிட்டவன் ஒருநாள் வேலைக்கு வராவிடின் இருநாட் சம்பளம் வெட்டப்பட்டது. தோட்டத்துக்கு வெளியே நடமாடப் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு வேண்டும். இவற்றுக்கெதிராக 1871 இற் பழைய தொழிலாளர் 9,401 பேர் ஒரு விண்ணப்பத்திற் கையொப்பமும் கைந்நாட்டும் இட்டனர். அதனை எடுத்துச் சென்றவர் அதோல்ப் தெ பிளெவிட்ஸ் என்ற வெள்ளையரே. அதன் பயனாக அரச விசாரணைக்குழு ஒன்று அமைந்தது.

அருகிலுள்ள விளக்க மண்டபத்தில் அக்காலப் புகைப்படங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இலக்கம். சிரிப்பவர் எவருமில்லை. ஒரு பெண் கைக்குழந்தையுடன் அமர்ந்திருக்கிறாள். சென்னைத் துறைமுகத்தால் வந்தவர்களிற் பெரும்பாலார் தமிழரும் தெலுங்கருமாவர். இப்பதிவேடுகள் மோக்கா என்னுமூரில் மகாத்மா காந்தி நிறுவனத்திற் பேணப்படுகின்றன. ஐந்தாம் ஆறாந் தலைமுறையினர் அங்கு சென்று, தம் பாட்டனாரின் இலக்கத்தைக் கொண்டு அவர் வந்த கப்பலையும் பிறந்த கிராமத்தையும் அறிந்துகொள்கின்றனர். கூலியைக் கணக்கு வைக்க எழுதிய ஏடு, பேரப்பிள்ளைக்கு வமிசாவளியாகிவிட்டது. எழுதிய குமாஸ்தா இதனைக் கனவிலும் கருதியிருக்கமாட்டான்.

காந்தியடிகளும் எம்மைப் போலக் கப்பல் தரித்த இடைவெளியிலேயே இத்தீவைக் கண்டார். 1901 இல் தென்னாபிரிக்காவிலிருந்து பம்பாய் செல்கையில் அவர் கப்பல் இங்கே தங்கிற்று. கிடைத்த சில வாரத்தில் அவர் தோட்ட மக்களைச் சந்தித்தார். பிள்ளைகளைப் படிப்பியுங்கள், அரசியலில் ஈடுபடுங்கள் என்றார். பின்னர் 1907 இல் மணிலால் டாக்டர் என்ற வழக்கறிஞர் அவரது தூண்டுதலால் இங்கு வந்து, தொழிலாளருக்காக நீதிமன்றேறி வாதாடினார். துறைமுகத் தரிப்பை இவ்வாறு பயன்படுத்துவோரும் உண்டு!

வெயில் ஏறவே நகரின் பெருஞ்சந்தைக்குட் புகுந்தோம். அங்கே முன்னே சென்றவர் மனைவியார். நாம் அருங்காட்சியகத்திற் கற்பதை அவர் காய்கறிக் கடையிற் கற்றுக்கொள்வார். ஓர் இலைக்கட்டைக் கையிலெடுத்து, "இது முருங்கையிலை அல்லவோ!" என்றார். விற்ற அம்மையார், "பிரேட் முரும்" என்றார். பிரேட் என்றால் கீரை. முரும் எதுவென்று சொல்லவும் வேண்டுமோ? அடுத்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதன் பெயர் 'கரிப்புலே'. பீர்க்கங்காயைக் காட்டியபோது 'பிப்பங்காய்' என்று விடை வந்தது. அருகே ஒருவர் எண்ணெயிற் சுட்டெடுத்த பருப்பு வடைக்குப் பிரெஞ்சிலே மிளகாய்ப் பணியாரம் எனப் பொருள்படும் ஒரு பெயர். பெயர் எதுவாயினும், வாயில் இட்டதும் நல்லூர்த் திருவிழாக் கடைத்தெரு நினைவுக்கு வந்தது.

அவ்வம்மையாருக்குத் தமிழ் தெரியாது. அரைகுறை ஆங்கிலத்திற் பேசினோம். அவர் மீதியாகத் தந்த நூறு ரூபாத் தாளைத் திருப்பிப் பார்த்தோம். அதிலிருந்த உருவம் தமிழ் வழிவந்த அரசியலாளர் ரங்கநாதன் சீனிவாசன் அவர்களுடையது. தொகை தமிழிலும் பொறிக்கப்பட்டிருந்தது. 1998 இற் புதிதாக அச்சிட்ட தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டனர் என்று இத்தீவுத் தமிழர் கிளர்ந்தெழ, அத்தாள்கள் மீளப் பெறப்பட்டமை பலருக்கும் நினைவிருக்கலாம். அவ்வெழுத்தைச் சுட்டி, "இதனை வாசிப்பீர்களா?" என்று கேட்டோம். அவர் சிரித்துத் தலையசைத்தார். "என்ன எழுதியிருக்கிறது?" என்று எம்மிடமே கேட்டார். "நூறு" என்றோம். "நூறு," என்று அவரும் சொல்லிப் பார்த்தார். மகள் பாடசாலையிற் தமிழ் படிப்பதாகவும், மாலையில் அவளிடம் சொல்லிக் காட்டப் போவதாகவும் கூறினார். வாசிக்கவியலாத எழுத்துக்காக ஒரு சமூகம் வீதிக்கு வந்தது என்பதை நாம் முதலில் விந்தையாகவே கருதினோம். அவர் அச்சொல்லை மீண்டும் மீண்டும் சொல்லியதைக் கேட்டபின் அவ்விந்தை நீங்கிற்று.

பெயர்களும் அவ்வாறே. கடைப் பலகைகளில் ஆறுமுகம், வீராசாமி, சின்னப்பன் முதலிய பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிற் காணப்படுகின்றன. படியேறி வந்த முதல் மனிதரின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். அதுவே குடும்பப் பெயராயிற்று. ஆறு தலைமுறையாக அந்த ஒருவர் எல்லோரின் பின்னாலும் நின்று கொண்டிருக்கிறார்.

நகர்ப்புறத்திலே கைலாசம் என வழங்கும் சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோவிலையும், அதனருகே சகல மதத்தாரும் வணங்கும் லாவல் பாதிரியாரின் சமாதியையும் விரைவாகத் தரிசித்தோம். தைப்பூசம் இந்நாட்டிற் பொது விடுமுறை நாள் என்பதை வண்டிச் சாரதி பெருமையுடன் தெரிவித்தார்.

இன்னோர் இடத்தையும் பார்க்காது திரும்ப மனமில்லை. நகருக்கு வடகிழக்கே ஏழு மைல் அளவிலுள்ளது பாம்பிளமூஸ். அங்குள்ள புகழ்பெற்ற தாவரத் தோட்டத்தில் எமது நாட்டுத் தாளிப்பனைகளும் நிற்கின்றன. அப்பனை பல பத்தாண்டு வாழ்ந்து ஒரே ஒரு முறை பூத்து மடிவது. அவ்வூர்ப் புறத்திலேதான் கண்டி நாட்டுப் பிரதானி எகலப்பொலையின் நினைவுச் சின்னம் உள்ளது. மன்னனால் மனைவி மக்கள் கொல்லப்பட்டவரும் ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்தவருமான அவர், 1818 கிளர்ச்சியின்போது அவர்களாலேயே சிறைப்படுத்தப்பட்டு, 1825 இல் இங்கு நாடு கடத்தப்பட்டு, 1829 இல் இங்கேயே இறந்தார். அவரால் வெறுக்கப்பட்ட மன்னனோ வேலூரிற் சிறையிருந்து 1832 இல் மாண்டான். பகைவர் இருவரையும் கடலின் இரு கரைகளில் வைத்துப் பூட்டியது ஒரே திறப்புத்தான்.

மாலை ஐந்தரைக்குக் கப்பலேறினோம். இராப்போசன வேளையில் எமது மேசைக்குப் பரிமாறும் இளைஞர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். "சேர், நீங்க பீச்சுக்குப் போகலீங்களா? நமக்கு இறங்க லீவு இல்லீங்க, என்னா பாத்தீங்க?" என்று கேட்டார். படிகளையும் புகைப்படங்களையும் இலக்கங்களையும் பற்றிச் சொன்னோம். கையிற் கோப்பையுடன் சற்று நின்றார். "நம்ம பாட்டன்மாருக்கும் அப்புடி நம்பரு, போட்டோ இருக்குங்களா சேர்?"

நாம் இருபது ஆண்டுகளாக வரலாறு கற்பிப்பவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தோரையும், வழியிலே வாந்திபேதியால் விழுந்தோரையும் பற்றி வகுப்பில் ஒரே வரியிற் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றவர்கள். மொரீசியஸ் படிகளில் ஒரு மணிநேரம் நின்ற எமக்கு, தலைமன்னார்த் துறையில் ஒரு கணமேனும் நிற்கத் தோன்றியதில்லை. அவருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான்: இங்கு வந்தவர்கள் அரசின் ஒப்பந்தத்தில் தனித்தனியாக வந்தார்கள், ஆகவே அரசு ஒவ்வொருவரையும் எழுதிவைத்தது; எமது மலைநாட்டுக்குப் பெரும்பாலும் காங்காணியின் பின்னால் கூட்டமாக வந்தார்கள், கணக்குக் காங்காணியின் துண்டிலும் தோட்டத்துச் செக்றோலிலும் இருந்தது. இங்கே ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் மகன் சிவசாகர் ராம்கூலம் 1968 இற் சுதந்திர நாட்டின் முதற் பிரதமரானார். அங்கே 1948 இற் குடியுரிமையே பறிபோயிற்று, எஞ்சியோருக்கு அது மீள்வதற்கு 2003 ஆயிற்று. இவ்வளவையும் சொல்லியும் அவர் கேட்டதற்கு விடை சொல்லியதாக எமக்குத் தோன்றவில்லை.

அவர் சிறிது யோசித்தார். "அப்பத்தா பொட்டியில ஒரு தகரத் துண்டு கெடக்குதுங்க சேர். ஓட்டை போட்டு, இங்கிலீசு எழுத்தும் நம்பரும் வெட்டியிருக்கும். அது அவங்க அம்மா கழுத்துல கட்டிட்டு வந்ததுன்னு சொல்லுவாங்க. அது நம்பருதானுங்களே?"

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டுக்கு வந்தோரின் கழுத்தில் இட்ட தகரச் சீட்டு அது. அதனைப் பற்றி நூலிற் படித்திருந்தோமேயன்றி, அதனை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தாரை அன்றுதான் கண்டோம். உணவுப் பட்டியலின் பின்புறத்தில் எமது முகவரியை எழுதி, வீட்டுக்குப் போனதும் அவ்வெழுத்தையும் இலக்கத்தையும் பிழையின்றிப் பெயர்த்து அனுப்புமாறு கேட்டுக் கொடுத்தோம். அவர் அதனை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குச் சென்றார்.